ஆறு வருடமாக ஜிஎம்பி: பெருக்கலை விடுங்கள், சில்லறை ஃபங்ஷன்களைப் பாருங்கள்

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வளர்ந்த வீட்டைத் தாண்டித்தான் தினமும் சி மொழி டியூஷன் எடுக்கப் போகிறேன். அதனாலோ என்னவோ, பசங்களுக்கு என்ன புரோகிராம் கொடுக்கலாம் என்று யோசித்தால் பார்ட்டிஷன் கணக்குதான், அதாவது ஒரு எண்ணைக் கூட்டலாக எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்பதுதான், முதலில் வரும். 4ஐ 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று 5 விதமாகப் பிரிக்கலாம். 200ஐ 3972999029388 விதமாக. 1000க்குப் போனால் விடையே 32 இலக்கம், சி மொழியின் லாங் என்ற முழு எண் வகையில் அடங்காது. அதற்காகப் பிடித்ததுதான், எவ்வளவு பெரிய எண்ணையும் கணக்குப் போடும் ஜிஎம்பி லைப்ரரி.

கூட்டல், பெருக்கல் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வேகம், சரியான விடை, அவ்வளவுதான். என்னை அலைக்கழித்ததும் பின்னால் காப்பாற்றியதும் ஓரமாகக் கிடக்கும் சின்ன ஃபங்ஷன்கள்.

ஜிஎம்பி எண் ஒரு பத்தாயம் மாதிரி. எவ்வளவு இடம் கட்டியிருக்கிறது, அதில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, சரக்கு எங்கே இருக்கிறது என்ற மூன்று விவரம்தான் உள்ளே (மைனஸ் குறி இரண்டாவதிலேயே ஒளிந்திருக்கும்). எண் பெருத்தால் தானாகப் பெரிதாகும், இளைத்தால் தானாகச் சிறிதாகாது. ரீஅலாக்2 போட்டுச் சுருக்கலாம், ஆனால் உள்ளே இருக்கும் எண் கொள்ளாத அளவுக்குச் சுருக்கினால் மதிப்பு 0 ஆகிவிடும், ஒரு வார்த்தை சொல்லாது. இரண்டு எண்களை இடம் மாற்ற ஸ்வாப் இருக்கிறது. நெல்லை அள்ளி அள்ளிக் கொட்டாமல் பத்தாயத்தின் மேல் எழுதிய பேரை மட்டும் மாற்றுகிற வேலை, லூப்பில் செட் போட்டு நகல் எடுப்பதை நான் விட்டே மூன்று வருடம் ஆகிறது.

ரொம்ப நாள் வதைத்தது, ஜிஎம்பி எண்ணை மைனஸ் இல்லாத சாதாரண லாங்காக மாற்றித் தரும் கெட்-யுஐ. என் லினக்ஸ் லேப்டாப்பில் 200க்கு விடை சரியாக வந்தது. பாபநாசத்திலிருந்து வரும் ஒரு பையன் வீட்டு விண்டோஸில் ஓட்டிவிட்டு, "சார், 154280588னு வருது"ன்னு போன் பண்ணினான். நான் அவன் லூப்பைத்தான் சந்தேகப்பட்டேன், பாவம் ஒரு வாரம் அதையே தேய்த்தான். அப்புறம்தான் உறைத்தது: விண்டோஸில் லாங் என்றால் 32 பிட்தான், கெட்-யுஐ கீழ்ப்பக்க 32 பிட்டை மட்டும் கொடுத்துவிட்டு மிச்சத்தை விழுங்கிவிட்டது. அதற்கு முன்னால் ஃபிட்ஸ்-யுலாங் போட்டு "இந்த எண் லாங்கில் அடங்குமா" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். இப்போது அந்தக் கேள்வி இல்லாமல் யார் எழுதினாலும் மார்க் குறைப்பேன்.

எழுத்தாக இருக்கும் எண்ணை ஜிஎம்பி எண்ணாக்கும் செட்-ஸ்டர் கதை என் சோம்பேறித்தனம். சரிபார்க்கிற அட்டவணையில் நம்மூர் வழக்கப்படி 39,72,99,90,29,388 என்று கமா போட்டு வைத்திருந்தேன். கமாவை அது ஏற்காது, முடியவில்லை என்பதற்கு -1 திருப்பித் தரும், நான் அதைப் பார்க்கவே இல்லை.

அச்சடிக்க எண்ணை எழுத்தாக்கும் கெட்-ஸ்டருக்கு, இடம் எதுவும் தராமல் நல் (NULL) கொடுத்தால் அதுவே மெமரி எடுத்துக்கொள்ளும், விடுவிப்பது நம் பொறுப்பு. மறந்தால் மெமரி லீக். நாமே இடம் கொடுப்பதென்றால் சைஸ்-இன்-பேஸ் சொல்கிற இலக்கத்தோடு 2 சேர்க்க வேண்டும், ஒன்று மைனஸுக்கு, ஒன்று எழுத்து வரிசையை முடித்து வைக்கும் கடைசி நல் குறிக்கு. பத்தடிமானத்தில் அது சில சமயம் ஒன்று கூடுதலாகச் சொல்லும், குறைத்துச் சொல்லாது, அதனால் பயமில்லை. ஆனால் அதையே "எத்தனை இலக்கம்" என்ற விடையாகப் பசங்க அச்சடிக்கும்போதுதான் வம்பு.

ஒரே ஒரு மனக்குறை: மெமரி கிடைக்காவிட்டால் ஒரு செய்தியைப் போட்டுவிட்டு புரோகிராமையே நிறுத்திவிடும். வகுப்பறைக்குப் பரவாயில்லை, எப்போதும் ஓட வேண்டிய சர்வருக்கு யோசிக்கணும்.

பிடித்தது என்றால், ஒரு எண் மீதியில்லாமல் வகுபடுமா என்று சொல்லும் டிவிசிபிள்-யுஐ. 4, 9, 14 என்று ஐந்து ஐந்தாகத் தாவினால் வரும் பார்ட்டிஷன்கள் 5, 30, 135, எல்லாமே 5ஆல் வகுபடும் என்று ராமானுஜன் நிரூபித்ததை, 10000 வரை ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். ஒரு எண் வகுபடாமல் போனாலும், "ராமானுஜன் தப்பா, உன் கோடு தப்பா?" என்று கேட்டால் போதும், பையன் மறுபடி உட்கார்ந்துவிடுவான்.