படகில் ஏர்கானுக்கு மின்சாரம்: பெட்ரோல் ஜெனரேட்டரா, பேட்டரியா?

சிங்கப்பூரின் லாசரஸ் தீவுப் பக்கம் நங்கூரம் போட்டு இரவு தங்க நினைத்தால் முதல் பேச்சே ஏர்கான்தான். மரினாவில் கட்டியிருக்கும்போது கரை மின்சாரம் 230 வோல்ட்டில் வந்துவிடும். கடலில்? 2 கிலோவாட் பெட்ரோல் ஜெனரேட்டர் இருபது கிலோ சொச்சம்தான், ஒருவரே தூக்கி ஏற்றிவிடலாம். எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை.

பின்பக்கச் சாமான் பெட்டிக்குள் வைத்து விசிறி மாட்டலாம் என்பது ஒரு கட்சி. சத்தம் குறையும், மழையும் படாது. என்னைக் கேட்டால் இருப்பதிலேயே மோசமான வழி இதுதான். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், படகின் அடியில் போய்த் தேங்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும். கரைக்காகச் செய்த ஜெனரேட்டர் பொறி தெறிக்காதபடி மூடப்பட்டதல்ல. ஜெனரேட்டர் புகையில் இருக்கும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடோ கிட்டத்தட்டக் காற்றின் கனமே. நிறமில்லை, மணமில்லை, எங்கும் கலந்துவிடும். அடியிலிருந்து ஆவியை இழுக்கத்தான் அந்த விசிறி, புகையை அதனிடம் நம்பி ஒப்படைக்க முடியாது. புகைவாயில் ஹோஸ் மாட்டுவதும் இதே ரகம்தான்: சூட்டில் இணைப்பு தளர்ந்து கசியும்.

திறந்த டெக்கில், புகைவாய் கடலைப் பார்க்க வைத்தால்? பகலில், எல்லோரும் வெளியே இருக்கும்போது சரி. இரவுக்கு ஆகாது. வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி வை என்கிறது அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம். 30 அடிப் படகில் 20 அடிக்கு எங்கே போவது? நங்கூரமிட்ட படகு மூக்கைக் காற்றுக்குக் காட்டும், புகை பின்னால் போய்விடும் என்பார்கள். கேபினைத் தாண்டும் காற்று பின்னால் சுழன்று புகையைக் கதவுக்கே கொண்டுவருவதும் உண்டு. நம் தென்தீவுப் பக்கம் நீரோட்டம் வலு, படகு காற்றை விட்டு ஓட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிடும். விடியலில் சுமத்ரா பக்கமிருந்து திடீரென வீசும் புயல்காற்று வந்தால் எல்லாக் கணக்கும் மாறும். இந்தப் புகையால் தலைவலி, குமட்டல் வந்தால் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக் கேபினுக்குள் படுக்கப் போவார்கள். அங்கேதான் ஆபத்து.

பேட்டரிப் பெட்டி விலை அதிகம், ஆனால் புகையே கிடையாது. 2 கிலோவாட்மணிப் பெட்டியில் 500 வாட் சின்ன ஏர்கான் காகிதத்தில் 4 மணி நேரம், நிஜத்தில் மூன்றரை. பிள்ளைகள் தூங்கிப்போக அது போதும், அப்புறம் ஹாட்ச்சை (கேபின் கூரைத் திறப்பை) திறந்து சின்ன விசிறி. இரவு தங்க நான் இதைத்தான் எடுப்பேன். நிரந்தரமாகப் பொருத்தும் டீசல் ஜெனரேட்டர் நல்லதுதான், ஆனால் இடமும் பணமும் உள்ளவர்களுக்கு.

எதை எடுத்தாலும் தூங்கும் இடம் ஒவ்வொன்றிலும் படகுக்கென்று செய்த கார்பன் மோனாக்சைடு அலாரம் வேண்டும். பேட்டரிக்காரர்களுக்கும்தான்: இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டினால் பக்கத்துக்காரர் ஜெனரேட்டர் புகை உங்கள் ஹாட்ச் வழியாக உள்ளே வரும்.