எம்.பி.ஏ. முடித்து ஐந்து ஆண்டுக்குப் பின்: பொறியாளருக்கு எது கைகொடுக்கிறது?

எட்டு ஆண்டு மென்பொருள் கோடு எழுதியவரும் சரி, பத்து ஆண்டு ஆலையில் பராமரிப்புப் பார்த்தவரும் சரி, எம்.பி.ஏ. பற்றி விசாரிக்கும்போது முதலில் கேட்பது “எந்தக் காலேஜ்?” என்பதுதான். அதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. படிப்பு முடிந்த மறுநாள் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும்? இப்போதைய நிறுவனத்திலேயே குழுத் தலைமையா, இல்லை ப்ராடக்ட் மேனேஜ்மென்ட், கன்சல்டிங் என்று வேறு பாதையா? ஐந்து ஆண்டு கழித்தும் மனநிறைவோடு பேசுபவர்கள் இதைத் தெளிவாக்கிக்கொண்டு சேர்ந்தவர்களே.

பாதையை மாற்ற வேண்டும் என்றால் வேலையை விட்டுவிட்டு ஓராண்டு முழுநேரம் படிப்பதுதான் சரி. ஐஐஎம் அகமதாபாத்தின் பிஜிபிஎக்ஸ், ஐஐஎம் பெங்களூரின் இபிஜிபி, ஐஎஸ்பியின் (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) பிஜிபி, மாமல்லபுரம் பக்கம் இருக்கும் கிரேட் லேக்ஸின் பிஜிபிஎம் ஆகியவை இந்த வகை. குறைந்தபட்ச அனுபவம் ஐஎஸ்பிக்கு 2 ஆண்டு, பிஜிபிஎக்ஸுக்கு 4, இபிஜிபிக்கு 5. வகுப்பில் இருப்பவர்கள் எல்லோரும் வேலை பார்த்து வந்தவர்கள். வளாகத்துக்கு வரும் நிறுவனங்களும் அந்த அனுபவத்தைத் தேடித்தான் வருகின்றன. 7 ஆண்டு அனுபவத்தோடு கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுதி இரண்டாண்டு எம்.பி.ஏ.வில் சேர்பவருக்கு இது கிடைக்காது. அங்கே பக்கத்து இருக்கைக்காரர் கல்லூரியிலிருந்து நேரே வந்திருப்பார், அல்லது இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்திருப்பார். வளாக வேலைகளும் அவருடைய அளவுக்குத் தைத்தவை. அனுபவம் 3 ஆண்டுக்குள் என்றால் இரண்டாண்டுப் படிப்பு நல்ல தேர்வு. 5 ஆண்டைத் தாண்டியவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆலைப் பக்கமே இருந்து ஆபரேஷன்ஸ் தலைமைக்குப் போக நினைப்பவர்கள் ஐஐஎம் மும்பையையும் பார்க்கலாம். 1963இல் தொடங்கிய நிட்டி (NITIE) என்ற தொழிற்பொறியியல் நிறுவனம்தான் 2023இல் ஐஐஎம் மும்பை ஆனது. தொழிற்பொறியியல் அதன் பழைய பலம்.

இருக்கும் இடத்திலேயே மேலே ஏற விரும்புபவருக்கு வார இறுதிப் படிப்பு போதும். ஐஐடி மெட்ராஸின் இஎம்பிஏ (வேலையில் இருப்பவர்களுக்கான எம்.பி.ஏ.) போன்றவை இதற்கானவை. சம்பளம் நிற்காது, சனிக்கிழமை படித்ததைத் திங்கட்கிழமை அலுவலகத்தில் செய்து பார்க்கலாம். ஆனால் வளாக வேலைவாய்ப்பை நம்பி இதில் சேரக் கூடாது. வகுப்பு போக வாரத்துக்கு 8 முதல் 10 மணி நேரம் கேஸ் (நிறுவனங்கள் சந்தித்த சிக்கல்களின் விவரிப்பு) படிக்கவும் அசைன்மென்ட் எழுதவும் ஒதுக்க வேண்டியிருக்கும். ஒரகடத்தில் ஷிப்ட் முடித்துக் கிண்டிப் பக்கம் உள்ள ஐஐடிக்கு வருபவர் பயண நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பிடி தளர்வது பெரும்பாலும் படிப்பின் நடுவில்தான். தொடக்க உற்சாகம் வடிந்திருக்கும். மென்பொருள் ரிலீஸோ மார்ச் மாதக் கணக்கு முடிப்போ குறுக்கே வந்து நிற்கும். சேரும்போதே மேலதிகாரியிடம் தேர்வுத் தேதிகளைக் கொடுத்து வைப்பவர்கள் தப்பிக்கிறார்கள்.

ஐஐஎம் பெயரோடு இணையத்தில் விற்கப்படும் பல மாதச் சான்றிதழ்கள் எம்.பி.ஏ. பட்டம் அல்ல. பாடம் நன்றாக இருக்கலாம். பட்டம் கேட்கும் இடத்தில் அது செல்லாது. ஐஐஎம்களே கூட, 2018 ஜனவரி 31இல் ஐஐஎம் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் பட்டம் வழங்கும் உரிமை பெற்றன. அதுவரை கொடுத்தது டிப்ளமா. பொதுத்துறையில் பதவி உயர்வுக்காகப் படிப்பவர், எந்தச் சான்று ஏற்கப்படும் என்பதை மனிதவளத் துறையிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். ஆன்லைன் எம்.பி.ஏ. என்றால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மட்டுமல்ல, அந்தப் படிப்புக்கும் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி இருக்கிறதா என்று அவர்களுடைய இணையதளத்திலேயே பார்க்க வேண்டும்.

இனி பணம். பலர் தப்புக் கணக்குப் போடுவது இங்கேதான். கட்டணம் 35 லட்சம், கைக்கு வரும் மாதச் சம்பளம் 1.2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு இழக்கும் சம்பளம் 14.4 லட்சம்; ஆக உண்மையான செலவு 49.4 லட்சம். படித்த பின் கைக்கு வருவது மாதம் 80,000 கூடினால் ஐந்து ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும் போட்ட பணம் திரும்ப. 50,000 மட்டும் கூடினால் எட்டு ஆண்டைத் தாண்டும். இந்த உயர்வை, வேலையை விட்ட நாளின் சம்பளத்தோடு ஒப்பிடக் கூடாது. படிக்கப் போகாமல் அதே வேலையில் இருந்த சக ஊழியர் இன்று வாங்கும் சம்பளத்தோடு ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் பல கணக்குகள் பாதியாகச் சுருங்கும். கடன் 30 லட்சம், வட்டி 10 சதவீதம், தவணைக் காலம் 10 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 39,600 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி இதற்கு மேல். கல்விக்கடன் வட்டிக்கான வருமான வரிக் கழிவு பழைய வரி முறையில்தான் உண்டு. புதிய முறையில் கிடையாது.

வேலைவாய்ப்பு அறிக்கையில் சராசரியை விட்டுவிட்டு இடைநிலைச் சம்பளத்தை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதை) பாருங்கள். சராசரியை நான்கைந்து பெரிய சம்பளங்களே தூக்கிவிடும். ஐடியிலிருந்து வந்தவர்களில் எத்தனை பேர் ஐடிக்கு வெளியே போனார்கள் என்று முன்னாள் மாணவர்களிடம் கேளுங்கள்.

தேர்வைப் பொறுத்தவரை, வேலையில் இருப்பவருக்கு ஜிமேட் (GMAT) நுழைவுத் தேர்வு வசதி: மதிப்பெண் 5 ஆண்டு செல்லும். கேட் மதிப்பெண் ஓராண்டுதான். இப்போதைய ஜிமேட்டில் மூன்று பிரிவு, ஒவ்வொன்றும் 45 நிமிடம், உச்ச மதிப்பெண் 805. பொறியாளர்கள் கணக்கிலேயே உழன்று வெர்பலில் (ஆங்கில வாசிப்பு, தர்க்கப் பிரிவு) கோட்டை விடுவது வழக்கம். படிக்கும் நேரத்தில் பாதியையாவது வெர்பலுக்குக் கொடுக்க வேண்டும்.

ஆண்டுகள் போன பின்னும் தினமும் கைகொடுப்பது நிதிப் பாடம். ஓர் எந்திரத்தை மாற்ற 80 லட்சம் ஆகும், ஆண்டுக்கு 20 லட்சம் மிச்சமாகும், எந்திரம் 5 ஆண்டு உழைக்கும். நான்கு ஆண்டில் பணம் திரும்பிவிடும் என்று பொறியாளர் சொல்வார், நிதித்துறை மறுத்துவிடும். நிறுவனம் பணம் திரட்ட ஆண்டுக்கு ஆகும் செலவு (மூலதனச் செலவு) 12 சதவீதம் என்றால், அந்த ஐந்து ஆண்டு மிச்சத்தின் இன்றைய மதிப்பு 72.1 லட்சம்தான், கிட்டத்தட்ட 8 லட்சம் நட்டம். இந்தக் கணக்கு தெரிந்தவர் முன்மொழிவைத் திருப்பி எழுதுவார்: எந்திரம் நிற்பதால் போகும் ஆர்டரின் லாபத்தைச் சேர்ப்பார், பழைய எந்திரத்தின் விற்பனை விலையைச் சேர்ப்பார். வேலை முடியும். நடைமுறை மூலதனம் (அன்றாடத் தொழிலில் முடங்கும் பணம்), காண்ட்ரிபியூஷன் மார்ஜின் (விற்பனையில் மாறும் செலவு போக மிஞ்சுவது) இரண்டும் இதே வகை. மார்க்கெட்டிங் வரைபடங்களும் உத்திச் சட்டகங்களும், அந்தத் துறைக்கே போகாதவருக்கு, சீக்கிரமே மறந்துபோகின்றன. வேலை சரியில்லாத ஒருவரிடம் அதை நேரில் சொல்வதை எந்த வகுப்பும் முழுதாகக் கற்றுத் தருவதில்லை. அதைப் படிப்புக்கு முன்பே, இரண்டு ஜூனியர்களை வழிநடத்தியாவது பழகிக்கொள்ள வேண்டும்.

நிறுவனமே கட்டணம் கட்டுகிறது என்றால் பாண்டை (இத்தனை ஆண்டு வேலையில் இருப்பேன் என்ற ஒப்பந்தத்தை) வரி விடாமல் படியுங்கள். எத்தனை ஆண்டு, இடையில் விலகினால் முழுத் தொகையா, மீதிக் காலத்துக்கு மட்டுமா, ஆட்குறைப்பு வந்தால் யார் கட்டுவது என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். புதிய வேலையை ஏற்கும் முன்னும் மூன்று கேள்வி கேட்கலாம்: எத்தனை பேர் நேரடியாக என்னிடம் அறிக்கை தருவார்கள், அவர்களுடைய அப்ரைசலை எழுதுவது யார், எவ்வளவு தொகை வரை நான் கையெழுத்துப் போடலாம். மூன்றுக்கும் மழுப்பலான பதிலே வந்தால், அட்டையில் மேனேஜர் என்று இருந்தாலும் செய்யப்போவது கணினியில் வேலைக் கோரிக்கைகளை (டிக்கெட்) எழுதும் பழைய வேலைதான்.