மைன்கிராஃப்டில் கம்பளி: செம்மறிப் பட்டியா, சிலந்திப் பண்ணையா?

நான் பொதட்டூர்பேட்டையில், அக்கா மகன் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியில். இருவரும் ஒரே மைன்கிராஃப்ட் உலகத்தில் விளையாடுகிறோம். இரண்டு ஊரிலும் காதில் விழுவது விசைத்தறிச் சத்தம்தான். அதனாலோ என்னவோ, விளையாட்டில் கட்டிய ஊருக்கு நடுவே கட்டம் போட்ட லுங்கி ஒன்றைக் கம்பளியிலேயே மலை உயரத்துக்கு எழுப்பலாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தோம். நீலம், பச்சை, வெள்ளை, நடுவில் சிவப்புக் கோடு. அவ்வளவு கம்பளிக்கு எங்கே போவது என்பதில்தான் சண்டை.

“மாமா, சிலந்திக்குப் புல்லும் வேணாம், வேலியும் வேணாம். சிலந்தியா உற்பத்தி பண்ற கூண்டு, அந்த ஸ்பானர் பக்கத்துல நின்னா போதும், நூலாக் கொட்டும்” என்பது அவன் கட்சி. நான் செம்மறிக் கட்சி. கடைசியில் பட்டிதான் கட்டினோம், இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. ஆகவே நான் நடுநிலையாக எழுதுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். இங்கே வரும் எண்கள் எல்லாம் கணினியில் ஓடும் ஜாவா பதிப்புக்கு உரியவை. போன் பதிப்பில் நான் அதிகம் விளையாடியதில்லை, அங்கே சில கணக்குகள் மாறலாம்.

அடிப்படையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஆட்டைக் கொன்றால் ஒரு கம்பளியும் கொஞ்சம் கறியும். கத்தரியால் வெட்டினால் ஒன்றிலிருந்து மூன்று கம்பளி, ஆடும் உயிரோடு இருக்கும், புல் மேய்ந்ததும் மறுபடி முடி வளரும். எங்கள் பக்கத்து ஆட்கள் செம்மறியைக் கண்டதும் வாளை எடுப்பதில் வியப்பில்லை. இங்கே வளர்க்கிற நெல்லூர் ஆடும் மெட்ராஸ் சிவப்பும் கறிக்கான ஆடுகள், உடம்பில் கம்பளியே கிடையாது. விளையாட்டில் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். கத்தரிக்கு வேண்டியது இரண்டு இரும்புக் கட்டி, 238 முறை வெட்டலாம். சராசரி இரண்டு என்று வைத்தால் ஒரு கத்தரிக்கு ஏறக்குறைய 476 கம்பளி.

சிலந்திப் பக்கம்: நான்கு நூல் சேர்த்தால் ஒரு வெள்ளைக் கம்பளி. ஒரு சிலந்தி பூச்சியத்திலிருந்து இரண்டு நூல் வரை தரும். லூட்டிங் மந்திரம் ஏற்றிய வாள் இருந்தால் கூடும், அதை விட்டுவிடலாம். சராசரியாக நான்கு சிலந்திக்கு ஒரு கம்பளி. ஸ்பானர் வேலை செய்ய நீங்கள் 16 கட்டத்துக்குள் நிற்க வேண்டும், எழுந்து வேறு வேலைக்குப் போனால் பண்ணை நின்றுவிடும். அனுபவப் புள்ளி கிடைக்கும் என்று மருமகன் வாதாடுவான். கிடைக்கும், மறுக்கவில்லை.

இதுவரை பார்த்தால் ஏதோ எண்ணிக்கை வித்தியாசம்தான். வெள்ளைக் கம்பளி மட்டும் போதும் என்பவருக்கு இரண்டில் எதுவானாலும் காலம் தள்ளலாம். நிறம் என்று வந்துவிட்டால் கதை வேறு.

சிலந்தி நூலில் வருவது வெள்ளை மட்டும்தான். அதைப் பச்சையாக்க ஒரு கம்பளிக்கு ஒரு பச்சைச் சாயம். பச்சைச் சாயமோ கள்ளியை உலையில் சுட்டு எடுப்பது, ஒரு கள்ளிக்கு 10 நொடி. எங்கள் லுங்கிக்கு 1000 பச்சைக் கம்பளி வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4000 நூல், ஏறக்குறைய அத்தனை சிலந்திகள், 1000 கள்ளி, ஒரே உலை என்றால் இரண்டே முக்கால் மணி நேரத்துக்கும் மேல் சூடு, 125 நிலக்கரி. கள்ளிக்குப் பாலைவனம் வரை நடக்க வேண்டும் என்பது தனி.

ஆட்டில் அந்தக் கணக்கே இல்லை. ஒரு சாயத்தை எடுத்து ஆட்டின் மேல் போட்டால் ஆடே பச்சையாகிவிடும். முடி வெட்டினாலும் பச்சை, மறுபடி வளர்ந்தாலும் பச்சை. இரண்டு பச்சை ஆட்டுக்குக் கோதுமை கொடுத்துச் சேர்த்தால் குட்டியும் பச்சை. ஆக, இரண்டே இரண்டு சாயம், ஒரு மந்தை. 20 ஆடு இருந்தால் ஆளுக்கு 25 முறை வெட்டினால் ஆயிரம் வந்துவிடும், கத்தரி மூன்று போதும். லுங்கிக்கும் எங்கள் ஊரில் நெய்த பிறகு சாயம் போடுவதில்லை, நூலிலேயே ஏற்றிவிட்டுத்தான் தறிக்கு அனுப்புவார்கள். ஆட்டில் ஏற்றுவது அதற்கும் ஒரு படி முன்னால்.

குட்டியின் நிறத்திலும் ஒரு வசதி உண்டு. இரண்டு சாயமும் கலக்கக் கூடியவை என்றால் கலந்த நிறத்தில் குட்டி பிறக்கும்: சிவப்பும் வெள்ளையும் சேர்ந்தால் இளஞ்சிவப்பு, சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் ஆரஞ்சு. கலக்காதவை என்றால் தாய் தகப்பனில் ஒன்றின் நிறம், எது என்பது அதிர்ஷ்டம். அதனால் நிறத்துக்கொரு தனிப் பட்டி போடுங்கள். குட்டி வளர 20 நிமிடம், பெரியவை அடுத்த முறை சேர 5 நிமிடம். ஆரம்பத்தில் இந்தக் காத்திருப்பு எரிச்சலாகத்தான் இருக்கும்.

கம்பளிக்கே சாயம் போடுவதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. முன்பு வெள்ளைக் கம்பளியில் மட்டும்தான் சாயம் ஏறும், இப்போது எந்த நிறக் கம்பளியையும் வேறு நிறமாக்கலாம். நாலைந்து கம்பளி மட்டும் ஊதா வேண்டும் என்றால் அதற்காக ஒரு மந்தை வளர்ப்பது வீண் வேலை.

பராமரிப்பில் சிலந்திக்குத்தான் வெற்றி, ஒத்துக்கொள்கிறேன். ஆட்டுக்குத் தேவை புல். மேய்ந்த இடம் வெறும் மண்ணாகிவிடும், பக்கத்துக் கட்டத்தில் புல் இருந்தால்தான் திரும்பப் படரும். சின்னப் பட்டிக்குள் இருபது ஆட்டை அடைத்தால் முழுவதும் மண், பாதி மந்தை மொட்டையாக நிற்கும். பட்டியை அகலமாகப் போட்டு, உள்ளே அங்கங்கே வேலிக்கட்டை நட்டு அதன் அடியில் புல்லைக் காப்பாற்றலாம். வேலிக்கு வெளியே ஒரு வரிசைப் புல்லைத் தொடாமல் விடுங்கள், அதை ஆடு மேய முடியாது, அங்கிருந்து ஓரத்துக்குப் படரும். டார்ச் மறக்க வேண்டாம். பூதங்கள் வராமல் இருக்க மட்டும் இல்லை, இரவில் புல் படரவும் அந்த வெளிச்சம் வேண்டும்.

இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் தானியங்கி இருக்கிறது. ஆட்டுக்கு ஒரு புல் கட்டம், அதைப் பார்த்தபடி ஒரு அப்சர்வர் (எதிரில் உள்ள கட்டம் மாறினால் சமிக்ஞை தரும் பெட்டி), அதன் மேல் கத்தரி போட்ட டிஸ்பென்சர் (உள்ளே வைத்ததைத் தானே இயக்கும் பெட்டி), புல்லுக்கு அடியில் ஹாப்பர் மைன்கார்ட் (மேலே விழுவதை உள்ளே இழுத்துக்கொள்ளும் வண்டி). ஆடு புல்லைத் தின்றதும் அப்சர்வர் கண்டுபிடித்து டிஸ்பென்சரைத் தட்டும், கத்தரி தானே வெட்டும், கம்பளி கீழே போய்ச் சேரும். எங்களிடம் நான்கு நிறத்துக்கு நான்கு அறை இருக்கின்றன, ஒழுங்காக ஓடுகின்றன. 16 நிறத்துக்கும் கட்டினால் சர்வர் எவ்வளவு திணறும் என்பதற்கு என் அனுபவம் போதாது.

விற்பனையில் மருமகனுக்கும் ஒரு வழி கிடைத்தது. தறி வைத்திருக்கும் ஷெப்பர்ட் வில்லேஜர், அதாவது விளையாட்டிலேயே வரும் கிராமத்து இடையர், 18 வெள்ளைக் கம்பளிக்கு ஒரு எமரால்டு (பச்சைக் கல், அங்கே அதுதான் காசு) தருவார். கறுப்பு, பழுப்பு, சாம்பல் கம்பளியும் வாங்குவார், நீலம் பச்சை வாங்க மாட்டார். (அதே ஆள் ஒரே ஒரு கம்பளியை ஒரு எமரால்டுக்கு விற்பார். எந்தச் சந்தையிலும் இப்படி ஒரு வியாபாரியை நான் கண்டதில்லை.) 18 கம்பளி என்பது ஒன்பது ஆட்டை ஒருமுறை வெட்டினால் வருவது. அதையே நூலில் செய்தால் 72 நூல். ஆனால் மீன் பிடிக்கும் வில்லேஜரான ஃபிஷர்மேன் வெறும் 20 நூலுக்கே ஒரு எமரால்டு தருகிறார், அம்பு செய்யும் தேறிய ஃப்ளெட்சர் 14 நூலுக்குத் தருகிறார். நூலைக் கம்பளியாக்கி விற்பது நஷ்டம், நூலாகவே விற்பது லாபம். சாயத்துக்கும் இதே கதை: அனுபவம் கூடிய ஷெப்பர்ட் 12 சாயத்துக்கு ஒரு எமரால்டு தருவார், கம்பளி கம்பளியாகச் சாயம் கொட்டுகிறவர் அதையும் சேர்த்து இழக்கிறார்.

ஆடே இல்லாத பாலைவனத்தில் ஆட்டம் தொடங்கினால் மட்டும் என் பேச்சைக் கேட்காதீர்கள். முதல் இரவுக் கட்டிலுக்கு மூன்று கம்பளி போதும், 12 நூல், சிலந்தியை அடித்துச் சேர்த்துவிடலாம். வில்லுக்கும் தூண்டிலுக்கும் எப்படியும் நூல் வேண்டும். அதனால் மருமகனின் ஸ்பானரை உடைக்கவில்லை. அதில் வருவது முழுவதும் இப்போது ஃபிஷர்மேனுக்குப் போகிறது, அந்த எமரால்டில் ஷெப்பர்டிடம் கத்தரி வாங்குகிறோம், ஒரு கத்தரிக்கு இரண்டு எமரால்டு.