ஆறு வருடம், ஒரே 35 மி.மீ. லென்ஸ்: என் அனுபவம்

லென்ஸ் வாங்கிய முதல் வாரத்தில் எழுதப்படும் விமர்சனங்களை நிறையப் படித்திருக்கிறேன், அவற்றை நம்பிப் பொருள் வாங்கியும் இருக்கிறேன். ஆனால் மூன்று வருடம் கழித்து அந்த லென்ஸ் என்ன ஆனது, இன்னும் காமிராவில் மாட்டப்படுகிறதா, அலமாரியில் தூங்குகிறதா என்று யாரும் திரும்பி வந்து சொல்வதில்லை. என்னிடம் ஒரு 35 மி.மீ. எஃப் 1.8 பிரைம் லென்ஸ், அதாவது ஜூம் இல்லாத லென்ஸ், ஆறு வருடமாக இருக்கிறது. (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும், வெளிச்சம் அதிகம் உள்ளே வரும்.) நான் எடுத்த படங்களில் பெரும்பகுதி அதில் எடுத்ததுதான். அதைப் பற்றியும், அதோடு சேர்ந்து என் படங்கள் எப்படி மாறின என்பது பற்றியும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காமிரா 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேம் எனும் பெரிய சென்சாரைவிடச் சிறியது), கூடவே வந்த 18-55 கிட் ஜூம் லென்ஸ், அப்புறம் இந்த 35. கம்பெனி பெயர் இங்கே முக்கியமில்லை, ஏறக்குறைய எல்லாரிடமும் இதே மாதிரி ஒரு ஜோடி இருக்கிறது. ஏபிஎஸ்-சி சென்சாரில் 1.5 மடங்கு கணக்கு வருவதால் 35 மி.மீ. என்பது ஃபுல் ஃபிரேமில் சுமார் 52 மி.மீ. காட்டும் காட்சியைத்தான் காட்டும். ரொம்ப அகலமும் இல்லை, ரொம்பக் கிட்டேயும் இழுக்காது.

வாங்கிய காரணம் வெளிச்சம். வீட்டுக்குள் மாலை நேரத்தில் கிட் லென்ஸில் எடுத்தால் ஐஎஸ்ஓ (வெளிச்சம் குறைந்தால் படத்தைப் பிரகாசமாக்க ஏற்றும் எண்) 6400க்குப் போய் நிற்கும், முகமெல்லாம் பொடிப் பொடியாக இருக்கும். அந்த லென்ஸை 35க்குத் திருப்பினால் அதிகபட்சம் எஃப் 4.5 வரைதான் திறக்கும். எஃப் 1.8 அதைவிட ஆறு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதாவது அதே அறையில், அதே ஷட்டர் வேகத்தில் ஐஎஸ்ஓ 1000 போதும். இந்த ஒரு விஷயத்தில் லென்ஸ் சொன்னதைச் செய்தது, முதல் நாளிலிருந்து இன்றுவரை.

ஆனால் முதல் வருடப் படங்களை இப்போது எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஃபோகஸ் சரியில்லை. எஃப் 1.8 இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் எஃப் 1.8லேயே எடுத்தேன். தங்கை மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த ஒரு படம் இருக்கிறது. பென்சில் முனை மட்டும் ஊசி மாதிரி கூர்மை, கண் இரண்டும் மங்கல். ஒரு மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக விழும் பகுதி முன்னும் பின்னுமாகச் சேர்த்து சுமார் 6 செ.மீ. தான். அறுபது செ.மீ. தூரத்துக்குப் போனால் அது 2 செ.மீ. ஆகிவிடும். அந்த இடத்தில் குழந்தை மூச்சு விட்டுத் தலையை அசைத்தாலே போச்சு. இது லென்ஸின் குறை இல்லை, ஒளியியல் அப்படித்தான். இப்போது ஒருவர் முகம் என்றால் எஃப் 2.8, இரண்டு பேர் என்றால் எஃப் 4. எஃப் 1.8 என்பது வெளிச்சம் வேறு வழியில்லாமல் குறைந்திருக்கும்போது மட்டும். பின்னணி மங்க வேண்டும் என்றால் ஆளைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் வரச் சொன்னாலே பெரிய வித்தியாசம் தெரிகிறது.

அதேபோல் ஷட்டர் வேகம். 35 மி.மீ.க்கு 1/50 நொடி போதும் என்று கணக்குச் சொல்வார்கள், அது நம் கை ஆடாமல் இருப்பதற்கான கணக்கு. எதிரே இருப்பவர் ஆடினால் அந்தக் கணக்கு உதவாது, கை ஆட்டத்தைச் சமன்செய்ய லென்ஸிலோ காமிராவிலோ இருக்கும் ஸ்டெபிலைசேஷனும் உதவாது. பேசிக்கொண்டிருக்கும் பெரியவருக்கு 1/125, ஓடும் குழந்தைக்கு 1/500 என்று வைத்துக்கொள்கிறேன். ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும். பொடி விழுந்த படத்தை எடிட்டிங்கில் ஓரளவு சரிசெய்யலாம், ஆட்டம் கண்ட படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

சரி, இந்த லென்ஸ் எனக்குக் கற்றுக்கொடுத்த பெரிய பாடத்துக்கு வருகிறேன். ஜூம் லென்ஸ் வைத்திருந்தபோது நான் நின்ற இடத்திலேயே நிற்பேன், வளையத்தைத் திருப்பிக் காட்சியை நிரப்புவேன். 35இல் திருப்ப ஒன்றும் கிடையாது, நடக்க வேண்டும். நடக்க ஆரம்பித்தபிறகுதான், தூரம் மாறினால் படத்தின் அளவு மட்டும் மாறுவதில்லை, அதற்குள் இருக்கும் பொருட்களின் உறவே மாறுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

அப்பாவின் முகத்தை வைத்துச் சொல்கிறேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகம் முழுதும் ஃபிரேமில் வர வேண்டுமென்று கிட்டே போய், மூக்கிலிருந்து 40 செ.மீ. தூரத்தில் வைத்து எடுத்தேன். படத்தில் அப்பா மாதிரியே இல்லை. மூக்கு பெரிதாக, காது எங்கோ பின்னால் ஒட்டிவைத்த மாதிரி. காரணம் எளிது. மூக்கு நுனியிலிருந்து காது ஏறக்குறைய 12 செ.மீ. பின்னால் இருக்கிறது. காமிரா 40 செ.மீ.யில் இருந்தால் காதுக்கு தூரம் 52 செ.மீ., அதனால் காதோடு ஒப்பிட்டால் மூக்கு 30 சதவீதம் பெரிதாக விழும். ஒன்றரை மீட்டருக்குப் பின்வாங்கினால் அந்த வித்தியாசம் 8 சதவீதம்தான். அதே லென்ஸ், அதே வெளிச்சம், நாலடி பின்னால் போய் எடுத்த படத்தை வெட்டிப் பார்த்தேன், அப்பா அப்பாவாக இருந்தார். முகம் கோணலாக வருவதற்கு லென்ஸைக் குறை சொல்பவர்கள் இதைச் செய்து பார்க்கட்டும், மூக்கைப் பெரிதாக்கியது தூரம்தான்.

அதற்குப் பிறகு நான் காமிராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் முன்பே எங்கே நிற்பது என்று முடிவு செய்கிறேன். ஒரு அடி இடப்பக்கம் நகர்ந்தால் தலைக்குப் பின்னால் முளைத்திருக்கும் கம்பம் மறைகிறது. முழங்காலிட்டால் குழந்தையின் கண் மட்டத்துக்கு வருகிறது, பின்னணியில் தரைக்குப் பதில் மரம் வருகிறது. 35 மி.மீ. எவ்வளவு காட்டும் என்பது இப்போது உடம்புக்கே தெரியும், வியூஃபைண்டர் பார்க்காமலே கட்டம் போட முடிகிறது. ஒரே லென்ஸை வைத்துக்கொண்டு நெடுநாள் உழைத்தால்தான் இது வரும், வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

வெளிச்சமும் இதோடு சேர்ந்ததுதான். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஆளை உட்கார வைத்து நாற்காலியை அரை மீட்டர் உள்ளே தள்ளிப் பாருங்கள், முகத்தின் இருண்ட பக்கம் எவ்வளவு மாறுகிறதென்று தெரியும். இன்னொன்று, ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கும்போது அறை விளக்கை அணைத்துவிடுங்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்: பகல் வெளிச்சம் 5500 கெல்வின் அளவில் இருக்கும், மஞ்சள் பல்பு 3000 கெல்வின். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் நீலம், ஒரு கன்னம் ஆரஞ்சு. எடிட்டிங்கில் நிறத்தைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸ் ஸ்லைடரை எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரு கன்னம் கெடும். ஒரு ஸ்விட்சைத் தட்டினால் தீரும் சிக்கலுக்கு நான் முன்பெல்லாம் கம்ப்யூட்டரில் அரை மணி நேரம் செலவழித்திருக்கிறேன்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். எஃப் 1.8இல் வானத்துக்கு எதிரே இருக்கும் இலை, கிளை விளிம்புகளில் ஊதாக் கோடு வருகிறது, ஃபோகஸுக்குப் பின்னால் இருக்கும் விளிம்புகளில் லேசான பச்சை. எஃப் 2.8க்கு மேல் பெரும்பாலும் போய்விடும். சின்ன அறையில் பத்துப் பேர் குரூப் போட்டோ எடுக்க முடியாது, அதற்குக் கிட் லென்ஸின் 18தான் கைகொடுக்கிறது. பறவை, மேடை, விளையாட்டு இவற்றுக்கெல்லாம் இது பக்கத்திலேயே போகாது. நடுவில் தூரத்தைக் கிட்டே இழுக்கும் டெலி ஜூம் ஒன்று வாங்கினேன், ஒரு வருடத்தில் பத்துத் தடவைகூட மாட்டாததால் விற்றுவிட்டேன். ட்ரைபாட் உறுதியானதாக வாங்கியது நல்ல முடிவு, லேசானதை முதலில் வாங்கியது பணம் வீண். சுவரிலோ கூரையிலோ பட்டுத் திரும்பும்படி தலையைத் திருப்பக்கூடிய ஃபிளாஷ் ஒன்று இருந்தால் இருட்டு அறைக்குப் புதுக் காமிராவே தேவைப்படாது.

பராமரிப்பு பற்றி விமர்சனங்களில் வராத ஒரு விஷயம் பூஞ்சை. நாலாவது வருடம் லென்ஸை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது உள் கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி ஒரு நூல். தோல் பையில் மாதக்கணக்கில் மூடியே வைத்திருந்ததுதான் காரணம். சர்வீஸில் கொடுத்துச் சுத்தம் செய்தபிறகு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல், கூடவே ஒரு சின்ன ஈரப்பத மீட்டர், 40-50 சதவீதத்தில் வைத்திருக்கிறேன். மறுபடி வரவில்லை. சென்சார் தூசியைப் பார்க்க எஃப் 16இல் வெறும் வானத்தை எடுங்கள், புள்ளி புள்ளியாகத் தெரியும். ரப்பர் புளோயர் போதும், வாயால் ஊதக் கூடாது.

எடிட்டிங்கில் என் ஆறு வருடமும் ஒரே திசையில்தான் போயிருக்கிறது, வரவரக் குறைவாகச் செய்கிறேன். முதல் வருடத்திலேயே, சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைக்கும் ரா ஃபைலில் எடுக்கத் தொடங்கியது நான் செய்த நல்ல காரியம். காமிராவே பதப்படுத்திச் சுருக்கித் தரும் ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 14 பிட் ராவில் 16,384. இருட்டில் மறைந்த சட்டை மடிப்பை மேலே தூக்க அந்தப் படிகள்தான் உதவுகின்றன. வெளிச்சம் மிஞ்சி விவரமே இல்லாமல் வெந்துபோன வெள்ளையை மட்டும் ராவும் மீட்காது, அதனால் வானமோ வெள்ளைச் சட்டையோ இருந்தால் கொஞ்சம் இருட்டாக எடுத்துவிட்டு அப்புறம் தூக்குகிறேன். காமிராத் திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம் (இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) ஜேபெக் முன்னோட்டத்தை வைத்துப் போடப்படுவது என்பதையும் நினைவில் வையுங்கள், அது வெந்துவிட்டது என்று காட்டினாலும் ராவில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

நான் பயன்படுத்துவது டார்க்டேபிள் என்ற எடிட்டிங் மென்பொருள், இலவசம், ஓப்பன் சோர்ஸ். பழகச் சில மாதங்கள் ஆகும். அதில் எனக்குப் பிடித்தது, மூல ஃபைலைத் தொடாமல் நாம் செய்த மாற்றங்களைப் பக்கத்தில் ஒரு சின்ன எக்ஸ்எம்பி ஃபைலில் எழுதிவைப்பது. அதனால் பழைய படத்தைத் திறந்து, பழைய எடிட்டிங்கைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். ஐந்து வருடத்துக்கு முன் எடுத்த அந்தப் பென்சில் படத்தின் வரிசையில் இன்னொரு படம் ஃபோகஸ் சரியாக இருந்தது. அன்றைக்கு அதை நிறம் கூட்டி, ஓரங்களைக் கருப்பாக்கி, தோலை மெழுகு மாதிரி வழவழப்பாக்கி வைத்திருந்தேன். சென்ற மாதம் மறுபடி எடுத்து, எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் ஏற்றி (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி), ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்து, இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த கதவு விளிம்பை வெட்டினேன். அவ்வளவுதான். கன்னத்தில் ஒட்டியிருந்த பென்சில் தூள் தெரிகிறது, அது தெரிந்ததால்தான் அந்தப் படமே உயிரோடு இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. இரவில் திரை வெளிச்சத்தை முழுக்க ஏற்றிவைத்து எடிட் செய்த படங்களை அச்சுக்குக் கொடுத்தேன், எல்லாம் ஒரு ஸ்டாப் இருட்டாக வந்தன. அச்சில் தவறில்லை, என் திரைதான் படங்களை வெளிச்சமாகக் காட்டிக்கொண்டிருந்தது. இப்போது ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒத்துப்போகும் அளவுக்குத் திரையைக் குறைத்துக்கொண்டுதான் உட்காருகிறேன். அச்சுப் போடுங்கள், கட்டாயம் போடுங்கள். 24 மெகாபிக்சல் என்றால் 6000க்கு 4000 புள்ளிகள், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 20 அங்குல அகலம் வரை தாராளமாகப் போகலாம். திரையில் மூன்று நொடி பார்த்துத் தள்ளிவிடும் படத்தைச் சுவரில் ஒரு மாதம் பார்த்தால், எது நிற்கிறது, எது சலிக்கிறது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

அடுத்து எதை வாங்குவது என்ற கேள்விக்கு நான் பின்பற்றும் முறை இதுதான்: போன வருடம் பிடித்துப்போய்த் தனியே எடுத்துவைத்த படங்களைத் திறந்து, எதில் எடுத்தேன், எவ்வளவு வெட்டினேன் என்று பார்ப்பது. இந்த ஜனவரியில் பார்த்தேன். முகப் படங்களில் பெரும்பாலானவற்றை நாலா பக்கமும் வெட்டியிருக்கிறேன், ஒன்றரை மீட்டருக்குப் பின்னால் நின்று எடுத்துவிட்டு அப்புறம் வெட்டுவதே பழக்கமாகிவிட்டது. ஆக என் கால் நின்ற இடம் சரி, லென்ஸ்தான் அந்த இடத்துக்குக் கொஞ்சம் அகலம். அதனால் இந்த வருடம் ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கப் போகிறேன். 35ஐ விற்க மாட்டேன். ஃபோகஸ் வளையத்தின் ரப்பர் தளர்ந்துவிட்டது, முன்மூடி இரண்டு தடவை தொலைந்து மாற்றியாகிவிட்டது, கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. அப்பா கண்ணாடி துடைக்கும் படம் அதில் எடுத்ததுதான், 12 அங்குலத்தில் அச்சிட்டு அவர் நாற்காலிக்கு மேலேயே மாட்டியிருக்கிறேன்.