மார்க்கெட் ஸ்ட்ரீட் லோரிகளுக்கு எந்த அடித்தளம்? ஓடிடி, யுஎம்எல், ஓடபிள்யூஎல்

பட்டர்வொர்த்தில் கொள்கலனிலிருந்து இறங்கும் பருப்பு மூட்டை, பாலம் ஏறித் தீவுக்குள் வந்து, பினாங்கு லிட்டில் இந்தியாவின் மார்க்கெட் ஸ்ட்ரீட் அஞ்சடியில் (கடைமுன் நடைபாதையில்) இறங்குவதற்குள் பல கை மாறிவிடும். இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, லோரி முதலாளி, டிரைவர், மளிகைக்கடைக்காரர் என்று ஒவ்வொருவரும் தன் கணக்குக்கு முடிவெடுப்பவர்கள். இவர்களைத் தனித்தனி ஏஜென்ட்டுகளாக்கி, அதாவது தானே முடிவெடுக்கும் பாத்திரங்களாக்கிக் கணினியில் ஓடவிட நினைக்கும் மாணவர், நிரல் எழுதும் முன்பே யார் யார், எதற்கு எது உறவு என்று வரையறுத்தாக வேண்டும். அதற்கு மூன்று வழிகள் போட்டியிடுகின்றன.

ஓடிடி (ODD) எளிது. ஏஜென்ட் மாதிரிகளை விவரிக்கச் சூழலியல் ஆய்வாளர்கள் 2006இல் கொண்டுவந்த முறை. 2020இல் இரண்டாவது முறையாகப் புதுப்பித்தார்கள். நோக்கம், ஏஜென்ட்டுகள், நடைமுறை என்ற வரிசையில் உரைநடையாகவே எழுதலாம். நெட்லோகோ என்ற ஏஜென்ட் மாதிரி மென்பொருளில் ஒரு மாதிரி, ஒரு ஆய்வேடு என்றால் இதுவே போதும். ஆனால் ஒருவர் ‘வாடிக்கையாளர்’ என்று கடைக்காரரைச் சொல்வார், இன்னொருவர் பருப்பு வாங்கும் அக்காவைச் சொல்வார். அந்த முரணை எந்த இயந்திரமும் பிடித்துத் தராது.

யுஎம்எல் (UML) என்பது நிரலின் அமைப்பைப் படமாக வரையும் முறை. அதன் வகுப்புப் படம் (class diagram), ஜாவா நிரல்மொழி தெரிந்தவர்களுக்குச் சுகம். மாட்சிம் போன்ற போக்குவரத்து மாதிரிகள் ஜாவாவில்தான் இருக்கின்றன. சிக்கல் நம்ம கடைக்காரர்களிடம் வருகிறது. சொந்த வேனில் போய்ச் சரக்கெடுத்து வருபவர் பெறுநரா, போக்குவரத்துக்காரரா? ஜாவாவில் ஒரு பொருள் பிறந்த வகுப்பிலேயே கடைசிவரை இருக்கும். பாத்திரங்களைத் தனியாகப் பிரித்துச் சமாளிக்கலாம்தான், ஆனால் ஆளுக்கு ஒரு விதமாகப் பிரிப்பார்கள்.

ஓடபிள்யூஎல் (OWL) இந்த இடத்தில்தான் எடுபடுகிறது. ஆன்டாலஜி, அதாவது ஒரு துறையின் வகைகளையும் உறவுகளையும் கணினிக்குப் புரியும்படி வரையறுக்கும் தொகுப்பை எழுத உதவும் மொழி; 2004இல் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையாகி, 2009இல் ஓடபிள்யூஎல் 2 ஆக வளர்ந்தது. இதில் ஒரே ஆள் பல வகுப்புகளில் இருக்கலாம். ‘வாகனம் வைத்திருக்கும் பெறுநர்’ என்று ஒரு வகுப்பை வரையறுத்தால், அதில் சேரும் கடைகளைத் தர்க்கப்பொறி (வரையறைகளிலிருந்து முடிவுகளை வருவிக்கும் மென்பொருள்) தானே பொறுக்கி எடுக்கும். பெறுநரும் போக்குவரத்துக்காரரும் ஒன்றாக முடியாது என்று யாராவது அவசரத்தில் எழுதியிருந்தால், அந்த முரணையும் காட்டிக்கொடுக்கும். நகரச் சரக்குக்கென்றே டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஜென்க்லான் ஆன்டாலஜியும் உண்டு. வெறும் கையோடு தொடங்க வேண்டியதில்லை. 

தொல்லையும் இங்கேதான் அதிகம். ஒரு லோரிக்கு அனுமதி உண்டு என்று தரவில் இல்லாவிட்டால், அனுமதி இல்லை என்று ஓடபிள்யூஎல் முடிவு கட்டாது. தெரியாது என்றே விட்டுவிடும். தெருவுக்குள் விடலாமா கூடாதா என்று நிற்கும் மாதிரிக்கு அந்தப் பதில் உதவாது. அதனால் விடுபட்ட தரவைச் சோதிக்க 2017இல் வந்த ஷேக்கிள் (SHACL) விதிகளைச் சேர்க்க வேண்டியிருக்கும். டிரைவர் இடத்துக்காகக் காத்திருப்பாரா, இன்னொரு சுற்று சுற்றுவாரா என்ற நடத்தையும் இதில் சரியாக அடங்காது. தர்க்கப்பொறியை ஒவ்வொரு காலப்படியிலும் ஓட்டினால் மாதிரி நகரவே நகராது; தொடக்கத்தில் ஒருமுறை ஓட்டுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

என் தேர்வு: மாநகர் மன்றத்தின் நிறுத்துமிடப் பட்டியல், துறைமுகத் தரவு, கடைக் கணக்கெடுப்பு மூன்றையும் இணைக்கப்போகிறீர்கள் என்றால், ஆட்களுக்கும் பொருட்களுக்கும் ஓடபிள்யூஎல், நடத்தைக்கு ஓடிடி. யுஎம்எல்லை வெள்ளைப் பலகையோடு விட்டுவிடலாம். ஆன்டாலஜி எழுத உதவும் ப்ரோட்டேஜே (Protégé) மென்பொருளில் முதலில் பத்துப் பதினைந்து வகுப்புகள் போதும். தீபாவளிக்கு வாடகை வேன் எடுக்கும் கடை எந்த வகுப்பில் விழுகிறது என்று அப்போதே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.