வெயில்ல பற்றரித் தண்ணி வடிக்கிற பெட்டி: கனநாள் பாவிச்சுப் பாத்ததில

2022 மார்ச் கடைசியில 13 மணித்தியால கரண்ட் கட் வந்தாப்பிறகு கொழும்பில கனபேர் இன்வேட்டர் போட்டவை, அதுக்கு லெட் அசிட் பற்றரி எண்டா வடிச்ச தண்ணி விட்டுக்கொண்டே இருக்கோணும், எங்கட வெள்ளவத்தைக் கிணறு கடலுக்குக் கிட்ட எண்டபடியா சரியான சவர், அதை பற்றரிக்குள்ள விடவே ஏலாது. அதால மொட்டை மாடியில ஒரு சோலார் ஸ்டில் செய்து வச்சன், வெயில்ல தண்ணியை ஆவியாக்கி, அது கண்ணாடியில பட்டுத் திரும்பத் தண்ணியாகி வடியிற பெட்டி. அலுமினியக் கடையில அடிச்ச பெட்டி, அடியில கறுப்புப் பெயின்ற், மேல சரிவா கண்ணாடி, அரைச் சதுர மீற்றர் வரும்.

முதல் இருந்தது சாதாரணமா தண்ணி தேக்கிற மாதிரித்தான். அதில என்ன பிரச்சினை எண்டா வெயில் முழுக்க அடித்தண்ணியைச் சூடாக்கிறதிலயே போகுது, காலமை பத்து மணியானாலும் கண்ணாடியில ஒண்டும் பிடிக்காது. ஆவியாகிறது மேல்பரப்பு மட்டும்தானே, பிறகேன் முழுத் தண்ணியையும் சூடாக்குவான்? இந்த யோசனையை 2014ல அமெரிக்காவில எம்ஐடி பல்கலைக்கழகத்தில காங் சென் ஆக்கள் மிதக்கிற கார்பன் நுரையை வச்சுச் செய்து காட்டினவை. நான் செய்தது அதின்ர ஏழைப் பதிப்பு: ரிஜிபோம் பலகை, அதில ஓட்டை, மேல கறுப்புப் பருத்தித் துவாய், ஓட்டைக்குள்ளால துவாய்த் துண்டுகள் கீழ தொங்கித் தண்ணியை உறிஞ்சும், விளக்குத்திரி மாதிரி. துவாய் ஏனெண்டா அந்தச் சுருள் நூலுக்குள்ள போற வெளிச்சம் ஒண்டில பட்டுத் தெறிச்சாலும் மற்றதில படும், வழுவழுப்பான கறுப்புச் சீற்றை விட நல்லா உறிஞ்சும்.

வித்தியாசம் தெரிஞ்சுது. முதல் நல்ல வெயில் நாளில ஒரு லீற்றர் வந்தது இப்ப ஒண்டரை கிட்ட வருது, ஆனா எனக்கு அதை விடப் பிடிச்சது மப்பு நாள்தான், ஒக்டோபர் நவம்பர்ல பின்னேரம் இடி மழை எண்டாலும் காலமை கொஞ்ச நேரம் வெயில் எறிச்சாலே போதும், உடன வடியத் தொடங்கும்.

இனி உப்பு. இதில்தான் நான் கூட மினக்கெட்டது. திரி குறைவா இருந்தா மத்தியானத்துக்குள்ள துவாய் நடுவில வெள்ளையா உப்புப் பூக்கும், வெள்ளை எண்டா வெயிலைத் திருப்பி அனுப்பும், விளைச்சல் விழும். சரி எண்டு திரியைக் கூட்டினா தண்ணி தாராளமா ஏறும், உப்பும் கரைஞ்சு கீழ போகும், ஆனா சூடும் அதே வழியால கீழ இறங்கிப் போயிடும். ரெண்டுக்கும் நடுவில ஒரு இடத்தைப் பிடிக்கோணும். இப்ப என்ர அளவில பின்னேரம் ஓரத்தில கொஞ்சம் பூக்கும், இரவில திரி வழியா தானாக் கரைஞ்சு இறங்கி விடியத் துவாய் திரும்பக் கறுப்பா இருக்கும். அடித்தண்ணியை மட்டும் அப்பப்ப மாத்தவேணும், இல்லாட்டி அது உப்பாகி உப்பாகி கரைக்கிற சக்தி போயிடும்.

ஆய்வுக்கூட நம்பரைப் பாத்து ஆசைப்படாதேங்கோ. 2018ல ஒஸ்ரின் ரெக்சஸ் பல்கலைக்கழகத்தில ஹைட்ரோஜெல், அதாவது தண்ணியை உறிஞ்சி வச்சிருக்கிற ஜெல், வச்சு ஒரு சதுர மீற்றருக்கு மணித்தியாலத்துக்கு 3.2 கிலோ எண்டு காட்டினவை, சாதாரணக் கணக்குப்படி அந்த வெயிலுக்கு 1.5க்குக் கிட்டத்தான் வரலாம், அந்த ஜெல்லுக்குள்ள தண்ணி ஆவியாகக் குறைஞ்ச சக்தி போதும் எண்டு விளக்கம் சொல்லினம், அதில இன்னும் வாதம் போகுது. அதோட அது ஆவியாகிற கணக்கு, உங்கட போத்தலுக்குள்ள விழுற கணக்கில்லை. எங்களுக்கு மூடின பெட்டி, கண்ணாடியும் சூடு, ஆவி திரும்பத் தண்ணியாகிறதுதான் இழுபடும். 1872ல சிலியில லாஸ் சலினாஸ்ல கட்டின பழைய ஸ்டில்லே ஒரு சதுர மீற்றருக்கு ஒரு நாளைக்கு 5 லீற்றர் கிட்டத் தந்தது எண்டா பாருங்கோ, அதுக்குள்ள நானோவும் இல்லை ஒண்டும் இல்லை.

அதால கண்ணாடியின்ர உள்பக்கத்தையும் கவனியுங்கோ. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா தண்ணி முத்து முத்தா நிண்டு வெயிலை மறைக்கும், பாரமாகித் துவாயில திருப்பி விழும். சோப் போட்டு நல்லாக் கழுவினா மெல்லிய படலமா ஓடி இறங்கும். சரிவு தண்ணி ஓடத்தான், கொழும்பு 7 பாகை அகலாங்குதானே, வெயில் உச்சியிலதான் நிக்கும். வெளிப்பக்கம் கடல் காத்தால உப்புப் படியும், அதையும் துடைக்கோணும். கண்ணாடி ஓரத்தை ஒட்டியிருக்கிற சிலிக்கன் பசையைக் காகம் கொத்துது, வலை போட்டிருக்கிறன். பெட்டி இடைவெளியில்லாமல் மூடியிருக்கோணும், டெங்குக்கு பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஆக்கள் வந்து மாடி எல்லாம் பாப்பினம்.

குடிக்கிறதுக்கு எண்டு கேட்டா வேண்டாம், நாலு பேர் இருக்கிற வீட்டுக்குக் காணாது, சிலிக்கன் மணமும் முதல் கொஞ்ச நாள் வந்தது. பற்றரிக்கும் அயன் பெட்டிக்கும் தாராளம், அயலட்டைக்கும் குடுக்கிறன். துவாய் வெயில்ல நைஞ்சு நிறம் போகும், அதை மாத்தவேணும், அவ்வளவுதான் செலவு. அடுத்த முறை மாத்தேக்க ஓட்டையைச் சின்னனாக்கி நெருக்கமாப் போட்டுப் பாக்கப் போறன், சூடு கொஞ்சம் கூட மேல நிக்கும் எண்டு நினைக்கிறன்.