கருப்பட்டி விற்கும் சைட்டுக்கு பேமென்ட் கேட்வே: சில வருஷம் ஓட்டிப் பார்த்ததில்

உடன்குடிப் பக்கத்திலிருந்து கருப்பட்டி, பனங்கற்கண்டு, சுக்குக் கருப்பட்டி மூன்றையும் சொந்த வெப்சைட்டில் விற்கிறேன். சைட்டுக்கு வேர்ட்பிரஸ், அதன் மேல் ஆர்டர் எடுக்க வூகாமர்ஸ் என்ற பிளகின் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் மென்பொருள்), அவ்வளவுதான் கடை. வாடிக்கையாளர் ஆன்லைனில் கட்டும் பணத்தை வாங்கி நம்மிடம் சேர்க்கும் கம்பெனிதான் பேமென்ட் கேட்வே. சைட் ஆரம்பித்ததிலிருந்து ஒரு கேட்வேயை விட்டு இன்னொன்றுக்கு மாறியிருக்கிறேன். இரண்டின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை, ஏனென்றால் எனக்கு ஒத்துவராதது உங்களுக்கு ஒத்துவரலாம். புதிதாக சைட் போடுகிறவர்கள் எல்லாரும் என்னிடம் முதலில் கேட்பது "யாருகிட்ட பர்சன்டேஜ் கம்மி அண்ணாச்சி?" என்பதுதான். என் அனுபவத்தில் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

சரி, எல்லாரும் கேட்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். பெரும்பாலான கம்பெனிகள் சைட்டில் போட்டிருக்கும் ரேட் 2 சதவீதம், அதற்கு மேல் அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 1,000 ரூபாய் ஆர்டருக்கு 23 ரூபாய் 60 பைசா போய், கைக்கு வருவது 976 ரூபாய் 40 பைசா. வெளிநாட்டு கார்டு, ஆமெக்ஸ் (அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்) கார்டு, இஎம்ஐ போன்றவற்றுக்கு இன்னும் கூடும். இதில் கவனமாகக் கேட்க வேண்டியது யுபிஐக்கு என்ன ரேட் என்பது. 2020 ஜனவரியிலிருந்து யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் எம்டிஆர் (பேமென்ட்டுக்காகக் கடைக்காரரிடம் வங்கிகள் பிடிக்கும் கட்டணம்) கிடையாது, ஆனால் கேட்வே தன்னுடைய சேவைக்கு என்று ஒரு கட்டணம் வாங்கலாம், வாங்குகிறார்கள். சிலர் யுபிஐக்கு பூஜ்யம் என்கிறார்கள், சிலர் எல்லாவற்றுக்கும் ஒரே 2 சதவீதம் என்கிறார்கள். என் கடையில் பெரும்பாலான ஆர்டர் யுபிஐயில்தான் வருகிறது. அப்படிப்பட்ட கடைக்கு அந்த ஒரு வரிதான் மொத்த ரேட் கார்டும். இன்னொன்று, ரீஃபண்ட் கொடுத்தால் வாடிக்கையாளருக்கு முழுப்பணமும் போகும், உங்களிடம் பிடித்த கட்டணம் பெரும்பாலும் திரும்பி வராது. மழைக்காலத்தில் கூரியரில் போகும் கருப்பட்டி ஈரம் இழுத்துக் கசிந்துவிட்டால் சரக்கும் போச்சு, கமிஷனும் போச்சு.

உண்மையில் நம்மைப் பாடாய்ப் படுத்துவது செட்டில்மென்ட், அதாவது விற்ற பணம் நம் கைக்கு வந்து சேர்வது. வாடிக்கையாளர் கட்டும் பணம் நேராக நம் அக்கவுண்ட்டுக்கு வராது, கேட்வே வங்கியில் தனியாக வைத்திருக்கும் எஸ்க்ரோ கணக்கில் கிடந்து ஒன்றிரண்டு வேலைநாள் கழித்துத்தான் வரும். நடுவில் இரண்டாவது சனி, ஞாயிறு, திங்கள் பண்டிகை என்று வந்தால் வெள்ளிக்கிழமை விற்ற பணம் புதன்கிழமைதான். கடனுக்குச் சரக்கு எடுக்கிறவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. பனையேறிக் குடும்பங்களிடம் கருப்பட்டி எடுக்கும்போது அன்றைக்கே கையில் காசு கொடுக்க வேண்டும், அதுவும் சித்திரை, வைகாசியில் வரத்து அதிகம் இருக்கும்போது விட்டுவிட்டால் அப்புறம் அந்த விலைக்குக் கிடைக்காது. உடனே பணம் வேண்டுமானால் தனிக் கட்டணத்துக்கு அன்றே செட்டில் செய்யும் வசதி சில கேட்வேக்களில் உண்டு. சீசனில் நான் அதை யோசிக்காமல் பயன்படுத்துகிறேன், மற்ற மாதங்களில் தொடுவதில்லை.

முதல் கேட்வேயை நான் விட்டதும் செட்டில்மென்ட் விஷயத்தில்தான். தீபாவளிக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டுக்காரர் தாம்பூலப் பைக்குப் போட என்று கருப்பட்டி மொத்தமாக ஆர்டர் போட்டார். வழக்கமாக ஐந்நூறு, ஆயிரம் என்று வரும் கணக்கில் திடீரென்று பெரிய தொகை விழுந்ததும் மோசடி இருக்கிறதா என்று பார்க்கும் அவர்கள் ரிஸ்க் டீம் என் மொத்த செட்டில்மென்ட்டையும் நிறுத்திவிட்டது, அந்த ஓர் ஆர்டரை மட்டும் இல்லை, மற்ற சின்ன ஆர்டர் பணத்தையும் சேர்த்து. பில் கேட்டார்கள், கொடுத்தேன். உணவுப் பொருள் விற்பதற்கான எஃப்எஸ்எஸ்ஏஐ லைசென்ஸ் கேட்டார்கள், அது சேரும்போதே கொடுத்தது, மறுபடியும் கொடுத்தேன். கூரியர் ரசீது கேட்டார்கள். ஒவ்வொரு மெயிலுக்கும் வேறு வேறு பெயரில் ஒரே பதில் வந்தது, போன் நம்பர் என்று ஒன்று இல்லவே இல்லை. சந்தேகம் வந்தால் நிறுத்தி விசாரிப்பது அவர்கள் வேலை, அதை நான் குறை சொல்லவில்லை. விசாரித்து முடித்துச் சொல்ல ஒரு மனுஷன் வேண்டாமா? பணம் கடைசியில் வந்தது, தீபாவளி போன பிறகு.

இப்போதிருக்கும் கேட்வேயில் சேரும் முன் நான் செய்தது ஒன்றுதான்: சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் சப்போர்ட்டுக்கு ஒரு கேள்வி அனுப்பிப் பார்த்தேன். பதில் எப்போது வருகிறது, எழுதுகிறவருக்கு விஷயம் தெரிகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். ரேட் பேசும்போது போன் மேல் போன் போடும் சேல்ஸ் ஆளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மொத்த ஆர்டர் வரப்போகிறது என்றால் இப்போதெல்லாம் முன்கூட்டியே சப்போர்ட்டில் ஒரு டிக்கெட் (கோரிக்கை) போட்டுச் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு நிறுத்திவைப்பு வரவில்லை.

அடுத்த தலைவலி, பணம் போயும் ஆர்டர் விழாதது. "தம்பி, அக்கவுண்ட்ல காசு கழிஞ்சிட்டு, உங்ககிட்டருந்து மெசேஜே வரலையே" என்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா கூப்பிடுவார். யுபிஐ ஆப்பில் பணம் கட்டிவிட்டு அவர் மறுபடி பிரவுசருக்கு வராமல் மூடியிருப்பார், நம் சைட்டுக்கோ பணம் வந்த சேதியே தெரியாது. இதற்குத்தான் வெப்ஹுக். வாடிக்கையாளர் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் கேட்வே சர்வர் நேராக நம் சர்வருக்குத் தகவல் அனுப்பிவிடும். கேட்வேயின் பிளகின் போட்டால் எல்லாம் தானாக நடக்கும் என்று நினைக்காதீர்கள், சில பிளகின்களில் வெப்ஹுக் முகவரியை நாமே கேட்வேயின் டேஷ்போர்டில் (நம் கணக்குப் பக்கத்தில்) போட வேண்டும். அதோடு 'ஆட்டோ கேப்ச்சர்' என்ற செட்டிங்கையும் பாருங்கள். அது ஆஃப் ஆக இருந்தால் கட்டிய பணத்தை நாம் தனியாக ஏற்க வேண்டும், ஏற்காமல் விட்டால் சில நாளில் அது வாடிக்கையாளருக்கே திரும்பிவிடும்.

இடையில் எங்கோ மாட்டிக்கொண்ட பணத்துக்கு ரிசர்வ் வங்கி 2019-இலேயே விதி போட்டிருக்கிறது: பணம் கழிந்து கடைக்கு உறுதி வரவில்லை என்றால் பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதை வாடிக்கையாளரிடம் பொறுமையாகச் சொன்னால் பாதி சண்டை அங்கேயே அடங்கிவிடுகிறது.

"எதற்கு கேட்வே, க்யூஆர் கோடு போட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் வாங்கிக்கொள்ளலாமே" என்பவர்களுக்கு: ஒரு நாளைக்கு நாலு ஆர்டர் வரும் வரை சரி. அதற்கு மேல் போனால் போலி ஸ்கிரீன்ஷாட்டும் வரும், எந்தப் பணம் எந்த ஆர்டருக்கு என்று ராத்திரி உட்கார்ந்து பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப்பார்க்கும் வேலையும் வரும்.

சேர்வதற்கு பான், ஆதார், கேன்சல் செய்த செக், சிறுதொழில் பதிவுக்கான உதயம் சான்றிதழ், உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ தயாராக வைத்திருங்கள். சைட்டில் ரீஃபண்ட், ஷிப்பிங், பிரைவசி பக்கங்கள், தொடர்பு முகவரி இல்லாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். கம்பெனிக்கு ரிசர்வ் வங்கியின் பேமென்ட் அக்ரிகேட்டர் (கடைகளுக்காகப் பணம் வாங்கிச் சேர்க்கும் கம்பெனி) அனுமதி இருக்கிறதா என்பதையும் வங்கியின் சைட்டிலேயே பார்த்துவிடுங்கள். 2022 டிசம்பரில் ரேஸர்பே, கேஷ்ஃப்ரீ மாதிரி பெரிய கம்பெனிகளையே புதிய ஆன்லைன் கடைகளைச் சேர்க்க வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி நிறுத்திவைத்து, ஒரு வருஷம் கழித்து 2023 டிசம்பரில்தான் அனுமதி கொடுத்தது. ஏற்கெனவே உள்ளே இருந்த கடைகள் ஓடின, அந்த நேரத்தில் புதிதாகச் சேர வந்தவர்கள்தான் வெளியே நின்றார்கள்.

அமெரிக்க யூடியூப் வீடியோ பார்த்துவிட்டு ஸ்ட்ரைப் என்ற அமெரிக்க கேட்வே வேண்டும் என்று வருகிறவர்களும் உண்டு. 2024-லிருந்து இந்தியாவில் புதிதாகச் சேர அவர்கள் அழைப்பு கொடுக்க வேண்டும். இன்னொரு அமெரிக்க கம்பெனியான பேபால் 2021 ஏப்ரலிலேயே உள்நாட்டுப் பேமென்ட்டை நிறுத்திவிட்டது, வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு மட்டும்தான். சிங்கப்பூர் ஆர்டர் எனக்கு அவ்வப்போது வருகிறது. இப்போதைக்கு அந்த வாடிக்கையாளர்களிடம் ஊரில் இருக்கும் அண்ணனோ மாமாவோ யுபிஐயில் கட்டட்டும் என்று சொல்லிவிடுகிறேன், யாரும் கோபித்துக்கொண்டதில்லை.